கஞ்சி இன்ஜினியர்

மலாயாவின் கோலா சிலாங்கூரில் பஸ்ஸை விட்டிறங்கி, "ரேடியோ ரிப்பேர் சேக் பரீது கடை எங்கே?" என்று கேட்டால், கேட்டவரை ஏற இறங்கப் பார்ப்பார்கள். "கஞ்சி இன்ஜினியர் கடை எங்கே?" என்று கேட்டால், மார்க்கெட்டில் மீன் விற்கும் சீனர்கூடக் கையைப் பிடித்துக் கூட்டிவந்து விட்டுவிட்டுப் போவார். கடைப் பலகையில் என் பெயரை மூன்று மொழியில் எழுதி வைத்தேன். பெயின்ட் செலவுதான் மிச்சம்.

நான் இன்ஜினியருக்குப் படித்தவனில்லை. என் வாப்பா ஷேக் தாவூது அதிராம்பட்டினத்திலிருந்து வந்து படகுத்துறைப் பக்கம் சாப்பாட்டுக் கடை போட்டவர். நியாயமாக நான் ரொட்டிக்கு மாவு பிசைய வேண்டியவன். ஒருநாள் மாவு பிசைந்த கையோடு கடை ரேடியோவின் முதுகைத் திறந்தேன். ஷாக் அடித்துத் தூக்கிப் போட்டது. விழுந்த இடத்திலிருந்து எழுந்தபோது, ஒரு மாதமாக ஊமையாகக் கிடந்த ரேடியோ பாடிக்கொண்டிருந்தது. ஏன் பாடியது என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. ஆனால் அன்றிலிருந்து நான் ரேடியோ மெக்கானிக். ஊர் நம்பியது, அதைப் பார்த்து நானும் நம்பிவிட்டேன்.

இன்ஜினியர் பட்டம் கிடைத்தது 1954இல், அவசரகாலத்தின் நடுவில். காட்டில் இருக்கும் கம்யூனிஸ்டுகளுக்குச் சோறு போய்ச் சேரக் கூடாது என்று அரசாங்கம் ரப்பர் தோட்டத்துத் தொழிலாளர் லயங்களைச் சுற்றி முள்வேலி போட்டிருந்த காலம். வேலிக்கு உள்ளே சாப்பிடலாம். வேலியைத் தாண்டி ஒரு கவளம் எடுத்துப் போனாலும் குற்றம். அரிசி, பிஸ்கட், பால் டின், எதுவானாலும் சரி. பிடிபட்டவனை உள்ளே தள்ளுவார்கள். இந்தியாவில் பிறந்தவனாக இருந்தால் கப்பலேற்றித் திருப்பி அனுப்பியும் விடுவார்கள். நான் அதிராம்பட்டினத்தில் பிறந்து கைக்குழந்தையாக இங்கே வந்தவன். அந்த ஊரில் ஒரு தெருவின் பெயர்கூட எனக்குத் தெரியாது. அங்கே கொண்டுபோய் இறக்கினால் நான் யார் வீட்டுக் கதவைத் தட்டுவேன்? அந்தப் பயம் எனக்கு எப்போதும் இருந்தது.

அந்த வருஷம் ஒருநாள் என் கடைக்கு ஒரு ஜீப் வந்து நின்றது. இறங்கியவர் கார்த்திகேசு, யாழ்ப்பாணத்துக்காரர், பாலங்களைச் சோதிக்க வந்த அசல் இன்ஜினியர். கையில் ஒரு பெட்டி.

"இதுக்குள்ளை ஒரு வால்வு எரிஞ்சு போச்சுது. உமக்கு மாத்தத் தெரியுமோ?"

"அதுதான் சார் என் தொழிலே" என்றேன். அந்த மாதிரிப் பெட்டியை நான் கனவில்கூடக் கண்டதில்லை. எரிந்த வால்வு கருத்துப்போய்த் தன்னைத் தானே காட்டிக்கொடுத்ததால் தப்பித்தேன். அவர் என்னை மேலும் கீழும் பார்த்துவிட்டு, "நாளையிலையிருந்து என்னோட வாரும்" என்றார்.

வேலை இதுதான். புக்கிட் செராயா தோட்டத்துக்குப் போகும் வழியில் ஆற்றுக்கு மேல் ஒரு மரப்பாலம். ராணுவ லோரிகளும் லயத்து ஜனங்களுக்கு அரிசி கொண்டுபோகும் லோரியும் அதன் மேல்தான் போக வேண்டும். பாலத்தின் தூண்கள் வெளியே பார்த்தால் மாப்பிள்ளை மாதிரி நிற்கும். உள்ளே அரித்துப்போய் வெறும் பொந்தாக இருக்கும். துளை போட்டுப் பார்ப்பதுதான் பழைய முறை. பார்த்த துளை வழியாகவே மழைத்தண்ணீர் இறங்கி நல்ல தூணும் கெட்டுவிடும். அதனால் துளைக்காமல் சத்தத்தை வைத்துப் பார்க்கும் பெட்டியைக் கொண்டுவந்திருந்தார்.

பெட்டியிலிருந்து இரண்டு வயர். முனையில் இரண்டு குமிழ். ஒன்றைத் தூணின் இந்தப் பக்கமும் மற்றதை எதிர்ப்பக்கமும் அழுத்திப் பிடிக்க வேண்டும். ஒரு குமிழ் காதுக்குக் கேட்காத ஒரு சத்தத்தை மரத்துக்குள் அனுப்பும். மற்றது அதைப் பிடிக்கும். பிடித்துவிட்டால், பெட்டியின் வட்டக் கண்ணாடியில் ஓடும் பச்சைக் கோட்டில் ஒரு மேடு எழும்பும். நடுவில் பொந்து இருந்தால் மேடு எழும்பாது. வெயிலில் அந்தப் பச்சைக் கோடு தெரியாது என்பதால், பார்க்கிறவன் தலைக்கு மேல் கருப்புத் துணி போர்த்திக்கொள்ள வேண்டும். பழைய காலத்து போட்டோக்காரர் தோரணை அது. அந்தத் தோரணைக்காகவே அந்த வேலையை நான் கேட்டு வாங்கிக்கொண்டேன்.

முதல் வாரம் எந்தத் தூணிலும் மேடு வரவில்லை. "இரும்பெண்டால் சத்தம் ஓடிப்போய்த் திரும்பி வரும். மரம் அப்பிடியில்லை. அதுவும் தண்ணியிலை ஊறின மரம். சத்தத்தைத் தின்னும்" என்றார் கார்த்திகேசு. இரண்டாவது வாரம் திடீரென்று எல்லாத் தூணிலும் மேடு வந்தது. நான் துணிக்குள்ளிருந்து "மேடு! மேடு!" என்று கத்திக்கொண்டே இருந்தேன். அழுகிச் சாய்ந்து நின்ற தூணுக்கும் கத்தினேன். அவர் வந்து பார்த்துவிட்டு, தோட்டத்துப் பக்கம் கையைக் காட்டினார். ரப்பர் பேக்டரியின் ஜெனரேட்டர் ஓடிக்கொண்டிருந்தது. நான் கண்டுபிடித்தது அதன் இரைச்சலை. ஜெனரேட்டர் நின்றதும் என் தூண்கள் எல்லாம் நோயில் விழுந்துவிட்டன.

பிறகு அவர் நிதானமாக வழி கண்டார். சின்னக் குமிழ்களைக் கழற்றிவிட்டுப் பெரிய குமிழ்களை மாட்டினார். பதறி ஓடும் மெல்லிய சத்தம் மரத்தில் பாதி வழியிலேயே செத்துப்போகும், மெதுவாக அசையும் கனத்த சத்தம்தான் போய்ச் சேரும் என்றார். குமிழுக்கும் மரத்துக்கும் நடுவில் காற்று இருந்தால் சத்தம் உள்ளேயே நுழையாது. அதனால் கிரீஸை அப்பிப் பிடிக்கச் சொன்னார். தூணைச் சுற்றிச் சாக்பீஸால் புள்ளி வைத்தார். ஒவ்வொரு புள்ளியிலிருந்தும் எதிரே உள்ள புள்ளிகளுக்குச் சத்தம் அனுப்பினோம். மேடு குறைந்த கோடுகளை மட்டும் ஒரு தாளில் இழுத்தார். அந்தக் கோடுகள் ஒன்றையொன்று வெட்டிய இடத்தில் பென்சிலால் நிழல் தீட்டினார். அதுதான் பொந்து என்றார். அந்தத் தூணைப் பிடுங்கி அறுத்துப் பார்த்தபோது தாளில் இருந்த நிழல் அப்படியே மரத்தில் இருந்தது. ஊரில் எல்லோரிடமும் அந்தப் படத்தை நான்தான் வரைந்ததாகச் சொன்னேன். அதில் நாலு பேரிடம், பெட்டியையும் நான்தான் செய்தேன் என்றேன்.

கார்த்திகேசுவுக்கும் என்னைப் பிடித்திருந்தது. கோலாலம்பூரில் தன் இலாகாவில் டெக்னீஷியன் வேலைக்கு என் பெயரைச் சொல்லியிருந்தார். பேண்ட் போட்ட சர்க்கார் வேலை. நான் இரண்டு பேண்ட் தைக்கக் கொடுத்துவிட்டேன்.

பாலத்துக்குப் பக்கத்து ரப்பர் மர நிரையில் பால் வெட்டுகிறவர் வேலம்மா. லயத்திலிருந்து வரும் பெண்களில் வாய் பெரியவர். நான் துணிக்குள் தலையை விட்டிருக்கும்போதெல்லாம் அவர் குரல் கேட்கும்.

"என்னா தம்பி, மரம் முழுகாம இருக்கா? கொழா வச்சுப் பாக்குறீங்க?"

"இது விஞ்ஞானம்கா, உங்களுக்குப் புரியாது."

"எங்களுக்குக் காய்ச்சல்னா பார்க்க ஆளில்ல. மரத்துக்கு ரெண்டு டாக்டரு. நல்லா இருக்குலா ஒங்க ஞாயம்!"

வேலம்மாவின் புருஷன் ரெங்கசாமி தோட்டத்துத் தொழிற்சங்கத்தில் இருந்தவர். துப்பாக்கி பிடித்தவரில்லை, சந்தா பிடித்தவர். சங்கங்களைத் தடை செய்து ஆட்களைப் பிடிக்க ஆரம்பித்தபோது பயந்து சதுப்புக்காட்டுக்குள் ஓடிவிட்டார். செத்திருப்பார் என்று தோட்டம் பேசிக்கொண்டது. வேலம்மாவை போலீஸ் பலமுறை விசாரித்தது. அவர் நெற்றியில் மட்டும் பொட்டு குறையவே இல்லை. பிடிவாதக்காரி என்று நினைத்தேன். எனக்கு அவ்வளவுதான் புத்தி.

அந்தச் சமயம் நோன்பு வந்தது. எங்கள் வாப்பா நோன்புக் கஞ்சி காய்ச்சினால் தெருவே மணக்கும். அரிசி, பாசிப்பருப்பு, பூண்டு, நிறைய வெந்தயம், தேங்காய்ப்பால். ஒரே குறை உப்பு. நோன்பு வைத்துக்கொண்டு காய்ச்சுகிறவர் ருசி பார்க்கக் கூடாது என்பது அவர் பிடிவாதம். நாக்கு நுனியில் வைத்துப் பார்த்துத் துப்பிவிடலாம் என்று மற்றவர்கள் சொன்னாலும் கேட்கமாட்டார். குத்துமதிப்பாகப் போடுவார். அந்த மதிப்பு என்றைக்கும் சரியாக இருந்ததில்லை. அவரிடம் அதைச் சொல்லும் தைரியம் யாருக்கும் இருந்ததுமில்லை.

அன்றைக்குப் பாலத்தில் வேலை பொழுது சாய்ந்தும் முடியாது என்று கார்த்திகேசு சொல்லியிருந்தார். அதனால் வாப்பா விடியுமுன் சாப்பிடும் சஹர் முடிந்த கையோடு எனக்கென்று தனியாகக் கஞ்சி காய்ச்சி ஒரு தூக்குவாளியில் ஊற்றிக் கொடுத்தார். நாங்கள் ஜீப்பில் தோட்டத்துக்குப் போய், ஆபீசில் வைத்திருந்த பெட்டியை எடுத்துக்கொண்டு, நடுப்பகலில் லயத்து கேட் வழியாக வெளியே புறப்பட்டோம். வழக்கமாக கேட்டில் மாட் என்ற மலாய்க் காவலர்தான் இருப்பார். ஜீப்பைப் பார்த்துக் கையசைத்துவிடுவார். அன்று அவர் பக்கத்தில் புதிதாக மாற்றலாகி வந்த ஒரு வெள்ளைக்கார அதிகாரி நின்றார். எங்களுக்கு எதிரே, ரப்பர் பாலை எடைபோட்டுக் கொடுத்துவிட்டு லயத்துக்குத் திரும்பிவரும் பெண்கள் வரிசை. முன்னால் வேலம்மா.

அதிகாரி தூக்குவாளியைத் திறந்தார். பூண்டு வாசம் கேட்டைத் தாண்டிப் போனது.

"துவான், இது புபூர்..." என்று மாட் ஆரம்பித்தார். புபூர் என்றால் மலாயில் கஞ்சி. அவரும் நோன்பாளிதான். நோன்பு திறக்கிற கஞ்சி, பாவம் விட்டுவிடுங்கள் என்று அவர் பாஷையில் சொல்லி எப்படியாவது சமாளித்திருப்பார். நான் வாயை மூடிக்கொண்டிருந்தால் போதும். ஆனால் எனக்குக் கப்பலும் கடலும் பெயர் தெரியாத தெருவும் ஒரே நொடியில் கண்ணுக்கு முன் வந்துவிட்டன.

"துவான், இது சாப்பாடு இல்லை" என்றேன். "மெஷினுக்குப் பூசுகிற மருந்து."

மாட் என்னைப் பார்த்தார். கார்த்திகேசு என்னைப் பார்த்தார். வாளியில் மிதந்த பருப்புகூட என்னைப் பார்த்ததாகத்தான் ஞாபகம். அதிகாரி, கிரீஸ் எங்கே, அதைத்தானே பூசுவார்கள் என்று கேட்டார். கிரீஸ் முந்தின நாளே தீர்ந்துபோயிருந்தது. வாங்கிவர வேண்டியவன் நான். மறந்துவிட்டதைக் கார்த்திகேசுவிடம் எப்படிச் சொல்வது என்று காலையிலிருந்து முழித்துக்கொண்டிருந்தேன். "கிரீஸை விட இது நல்லது, துவான். அதனால்தான் கிரீஸை நிறுத்திவிட்டோம்" என்றேன். ஒரு பொய்யில் இரண்டு காரியம் முடிந்ததே என்று எனக்குக் கொஞ்சம் பெருமைகூட வந்தது.

அதிகாரி பிரம்பால் கேட்டின் வலதுபக்கத் தூணைத் தட்டினார். ஆள் கட்டிப்பிடிக்கும் கனத்தில் பழைய மரத்தூண். இங்கேயே இப்போதே செய்து காட்டு என்றார். பூசாமல் வைத்தால் கோடு எப்படி இருக்கிறது, பூசினால் எப்படி இருக்கிறது, இரண்டையும் நான் என் கண்ணால் பார்க்க வேண்டும். வித்தியாசம் இல்லையென்றால் இது சோறு, நீ சோறு கடத்துகிறவன் என்றும் சொன்னார்.

கார்த்திகேசு என் காதருகே வந்தார். "என்ன விசர் வேலை காணும் இது?" என்றார். பிறகு வாளிக்குள் விரலை விட்டுத் தேய்த்துப் பார்த்தார். வெந்தயத்தின் வழவழப்பு அவர் விரலில் நூலாக இழுத்தது. அவர் முகம் மாறியது. "ஏன் சரிவராது? காத்தை அடைச்சால் போதும்தானே. பூசும் பாப்பம்" என்றார். படித்தவர்களிடம் இதுதான் எனக்குப் பிடித்த குணம். ஆபத்திலும் அவர்களுக்கு ஆசை வந்துவிடும்.

முதலில் பூசாமல் வைத்தோம். அதிகாரி துணிக்குள் பார்த்தார். பச்சைக் கோடு படுத்தே கிடந்தது. பிறகு நான் கஞ்சியை உள்ளங்கையில் எடுத்து, பருப்பைப் பிதுக்கி எறிந்துவிட்டு, தூணைச் சுற்றிப் பூசினேன். நெஞ்சு உயரத்தில், லயத்தைப் பார்த்த பக்கத்தில், மரத்தில் ஒரு கணு இருந்தது. என் கை பட்டதும் அது உள்ளே போனது. மரமில்லை, களிமண். அதன் மேலும் ஒரு கை அப்பி மூடிவிட்டு, பெட்டியிடம் ஓடித் துணிக்குள் நுழைந்தேன்.

கார்த்திகேசு குமிழ்களைத் தூணின் ஓரமாக வைத்துப் பிடித்தார். பச்சைக் கோடு நடுங்கியது. பிறகு எழுந்தது. மேடு! ஜெனரேட்டர் மேடு இல்லை, அசல் மேடு. நான் சொன்ன பொய் என் கண் முன்னால் உண்மையாகிவிட்டது. "அல்ஹம்துலில்லாஹ்" என்று என்னையறியாமல் வாய்விட்டுச் சொல்லிவிட்டேன். அப்போதே அதிகாரியைக் கூப்பிட்டிருந்தால் கதை அங்கே முடிந்து, நான் இன்றைக்குக் கோலாலம்பூரில் பென்ஷன் வாங்கிக்கொண்டிருப்பேன். எனக்குத்தான் எதையும் சும்மா காட்டத் தெரியாதே. "சார், ஓரம் வேண்டாம். நல்லா நடுவுல வைங்க. துவான் பெருசாப் பார்க்கட்டும்" என்று துணிக்குள்ளிருந்தே உத்தரவு போட்டேன்.

நடுவில் வைத்தார். கோடு படுத்துவிட்டது. இன்னும் அழுத்தச் சொன்னேன். அசையவில்லை. ஓரத்தில் நிற்கிற மேடு நடுவில் விழுகிறதென்றால் தூணுக்குள் பொந்து. இது எனக்கே தெரியும். சந்தோஷமாகத் தலையை வெளியே எடுத்து "உள்ளே பொந்து! அறுத்துப் பாருங்கள்!" என்று கூவப் போனேன். அப்போது கையில் ஏதோ உறுத்தியது. கஞ்சி ஒட்டிய விரல்களுக்கு நடுவில் ஒரு மணி அரிசி. வாப்பாவின் கஞ்சியில் அரிசி கரைந்து போயிருக்கும், தொட்டால் நசுங்கும். இது நசுங்கவில்லை. இருட்டில் விரல்களால் உருட்டினேன். வேகாத, காய்ந்த அரிசி. அந்தக் களிமண் கணுவிலிருந்து வந்தது.

துணியை லேசாக விலக்கிப் பார்த்தேன். வரிசையில் வேலம்மா நின்றார். அவர் என்னைப் பார்க்கவில்லை, அந்தக் கணு இருந்த தூணையே பார்த்துக்கொண்டிருந்தார். அந்த முகத்தில் அவருடைய வழக்கமான வாயாடித்தனம் இல்லை, கேலி இல்லை, ஒன்றும் இல்லை. தூணின் வெளிப்பக்கத்தில், முழங்காலுக்குக் கீழே, இன்னொரு களிமண் அடைப்பு இருந்ததையும் அப்போதுதான் கவனித்தேன். எனக்கு எல்லாம் விளங்கியது. காலையில் சோதனைக்கு நிற்கும்போது பெண்கள் அந்தத் தூணில் சாய்ந்து நிற்பார்கள். சோதனை முடிந்து வெளியே வந்ததும் பால் வாளியை அதே தூணடியில் வைத்து, கலைந்த சேலையை இழுத்துச் செருகிக்கொள்வார்கள். அந்த நேரம் காவலர்கள் மரியாதைக்காக முகத்தைத் திருப்பிக்கொள்வார்கள். உள்ளே மேலே போட்ட அரிசி வெளியே கீழே வரும். கையில் ஒரு மணி இல்லாமல் சோதனையைத் தாண்டிய வேலம்மா, தாண்டிய பிறகு மடியில் அரிசியோடு காட்டோரம் போவார். ரெங்கசாமி உயிரோடுதான் இருக்கிறார்.

அதிகாரி என்னைத் தள்ளிவிட்டுத் துணிக்குள் பார்த்தார். பூசாமல் வைத்தபோது எப்படியோ அப்படியே கோடு கிடந்தது. வெளியே வந்து, "என்ன சொல்கிறாய்?" என்றார்.

மறுபக்கத்திலிருந்து கார்த்திகேசு உற்சாகமாக ஆரம்பித்தார். "அப்பிடியெண்டால் தூணுக்குள்ளை..."

"சோறு!" என்று கத்தினேன். "துவான், இது சோறு. கஞ்சி. நான் பொய் சொன்னேன். மெஷினுக்கும் இதுக்கும் ஒரு சம்பந்தமும் இல்லை. சாயங்காலம் நான் குடிக்க வச்சிருந்தது."

அதிகாரி என்னையும் தூணையும் மாறி மாறிப் பார்த்தார். அந்தப் பார்வை தூணில் கொஞ்சம் அதிக நேரம் நின்றது. அப்போது வரிசையிலிருந்து ஒரு சிரிப்பு கிளம்பியது. வேலம்மா.

"அடி ஆத்தாடி! பெட்டிக்குக் கஞ்சி ஊத்த வந்தாரு பாருலா! கஞ்சி இன்ஜினியரு! ஏன் தம்பி, தொட்டுக்க ஊறுகா கொண்டாரலையா மரத்துக்கு?"

வரிசை முழுக்க வெடித்தது. மாட் தொப்பியால் முகத்தை மூடிக்கொண்டு குலுங்கினார். யாரோ மலாயில் சொல்ல, அதிகாரியும் சிரித்துவிட்டார். பெண்கள் சிரித்த சிரிப்பில் தூணை எல்லோரும் மறந்துபோனார்கள். என் கையிலும் சட்டையிலும் கஞ்சி வழிந்துகொண்டிருந்தது. என் பங்குக்கு நானும் பல்லைக் காட்டினேன். சிரித்து முடித்ததும் அதிகாரி என் கையில் விலங்கு மாட்டினார்.

அன்று லாக்கப்பில் ஒரு குவளைத் தண்ணீரில் நோன்பு திறந்தேன். பெருநாளும் அங்கேயே போனது. கப்பலேற்றுகிற பேச்சு நிஜமாகவே நடந்தது. வாப்பா கடையை மூடிவிட்டு அலுவலகம் அலுவலகமாக அலைந்தார். மாட் முன்வந்து, அது நோன்புக் கஞ்சிதான், இவன் நோன்பாளிதான் என்று சத்தியம் செய்தார். இவ்வளவு முட்டாளாக ஒருவன் கம்யூனிஸ்டாக இருக்க முடியாது என்று மேலதிகாரி ஒருவர் சொன்னதாகவும் கேள்வி. எனக்குக் கிடைத்த நற்சான்றிதழ் அது ஒன்றுதான்.

கார்த்திகேசு லாக்கப்புக்கு வந்தார். கம்பிக்கு வெளியே நின்றார்.

"ஓரத்திலை வைக்கேக்கை அல்ஹம்துலில்லாஹ் எண்டனீர். நடுவிலை வைக்கேக்கை கஞ்சி எண்டு குழறினனீர். எனக்கு விளங்காதெண்டு நினைச்சீரோ?"

நான் தரையைப் பார்த்தேன்.

"அந்தத் தூணைப் பற்றி நான் ஒருத்தரிட்டையும் கதைக்கேல்லை, கதைக்கவும் மாட்டன். ஆனால் உணவுக் கேஸிலை மாட்டின ஆளை இலாகா எடுக்காது. அதுக்கு நான் ஒண்டும் செய்யேலாது." போகத் திரும்பியவர் மறுபடி நின்றார். "வெந்தயம் நல்லாத்தான் வேலை செய்தது, என்ன?"

"ரொம்ப நல்லா, சார்" என்றேன். எனக்கு அழுகை வந்துவிட்டது.

கடைசியில் என்னைக் கப்பலேற்றாமல் விட்டுவிட்டார்கள். வெளியே வந்தபோது பேண்ட் இரண்டும் தைத்து வந்திருந்தன. ஊர் முழுக்க என் பெயர் மாறியிருந்தது. பிள்ளைகள் கூவின, பெரியவர்கள் விசாரித்தார்கள். பிறகு எனக்கும் சுலைகாவுக்கும் கல்யாணம் பேசியபோது, பெண் வீட்டார் "மாப்பிள்ளை இன்ஜினியராமே" என்று விசாரிக்க, எங்கள் தெருவே சேர்ந்து விளக்கம் சொன்னது. தோட்டத்துப் பெண்களோடு வேலம்மா டவுனுக்கு வந்து என்னைத் தெருவில் பார்த்தால், அவர் குரல்தான் எல்லோருக்கும் முன்னால் கேட்கும்: "கஞ்சி இன்ஜினியரு போறாரு பாருலா!" ஒரு நன்றி இல்லை, ஒரு பார்வை இல்லை. எனக்குக் கோபம் வந்தது உண்மை. என்னிடம் தனியாக நின்று இரண்டு வார்த்தை பேசியிருந்தால் யார் கண்ணிலாவது பட்டிருக்கும் என்பது, மெதுவாகத்தான் எனக்கு உறைத்தது.

அடுத்த வருஷம் பொதுமன்னிப்பு அறிவித்தார்கள். காட்டிலிருந்து சிலர் வெளியே வந்தார்கள். விசாரணையெல்லாம் முடிந்த பிறகு ஒரு மத்தியானம் வேலம்மா என் கடைக்கு வந்தார். கையில் ஒரு பழைய ரேடியோ. பின்னால் எலும்பும் தோலுமாக ஒரு மனிதர், வெளிச்சம் கூசுகிறவர்போல் கண்ணைச் சுருக்கிக்கொண்டு நின்றார்.

"இவருதான் நான் சொன்ன கஞ்சி இன்ஜினியரு" என்றார் வேலம்மா அவரிடம். அன்று அந்தப் பெயரை அவர் மெதுவாகச் சொன்னார்.

ரெங்கசாமி ஸ்டூலில் உட்கார்ந்தார். ரேடியோவைப் பற்றி ஒன்றும் கேட்கவில்லை. தன் கையைப் பார்த்துக்கொண்டே சொன்னார்.

"காட்டுல தீ மூட்ட முடியாதுங்க தம்பி, பொக தெரியும். அரிசியத் தண்ணில ஊறவச்சு அப்படியேதான் திங்கறது. ருசியே மறந்துபோச்சு. ஒரு தடவ இவ கொண்டாந்த அரிசி கொஞ்சம் ஈரமா, கட்டியா இருந்துச்சு. பூண்டும் வெந்தயமும் மணந்துச்சு. நான் ஊறக்கூட வைக்கல. மோந்து மோந்து பாத்து, ஒவ்வொரு மணியா மென்னேன். அன்னைக்குத்தான் வெளியில போயிரணும்னு நெனச்சேன்."

நான் குடிக்காத கஞ்சி, களிமண் உடைந்த அந்தக் கணு வழியாக இறங்கியிருக்கிறது.

"ரொம்ப நல்லா இருந்துச்சுங்க" என்றார் ரெங்கசாமி. பிறகு தயங்கி, குற்றம் சொல்வதாக நினைத்துவிடுவேனோ என்று என் முகத்தைப் பார்த்துக்கொண்டே சொன்னார். "உப்புதான் கொஞ்சம் கம்மி."

ஊரில் ஒருவரும் வாப்பாவிடம் சொல்லத் துணியாததைக் காட்டிலிருந்து வந்த மனிதர் சொல்லிவிட்டார். நான் சிரித்தேன். சிரித்துக்கொண்டே இருந்ததில் கண்ணீர் எப்போது வந்தது என்று தெரியவில்லை. வேலம்மா முந்தானையை எடுத்து, கடையில் யாரும் இல்லையா என்று ஒருமுறை பார்த்துவிட்டு, என் முகத்தைத் துடைத்துவிட்டார்.

சாயங்காலம் வாப்பாவிடம் போய், "கஞ்சியில் உப்பு கம்மியாம்" என்றேன். யார் சொன்னது என்று கேட்டார். சொன்னேன், எல்லாவற்றையும். அடுத்த நோன்பில் அவர் கஞ்சியில் ஒரு கை உப்பு கூடுதலாக விழுந்தது.